யாரது என்று கேட்காத செல்போன்

பாங்காக் நகரம். 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம்.

சுகும்விட் என்று அங்கே ஒரு பெரிய சாலை. இரவும் பகலும் ஜனக்கூட்டம். அந்தச் சாலை வழியே ஒரு வேன் போகிறது. பார்ப்பதற்குச் சாதாரண வேன்தான். உள்ளே ஒரு கருவி இருக்கிறது.

வேன் போகப் போக, வழியில் இருக்கிறவர்களுடைய செல்போன்கள் மணி அடிக்கின்றன. எல்லோருக்கும் ஒரே செய்தி. "உங்கள் கணக்கில் பரிசுப் புள்ளிகள் இருக்கின்றன. அவை காலாவதி ஆகப் போகின்றன. உடனே பரிசைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அதற்குப் பொருள். டெலிபோன் கம்பெனியே அனுப்பியது போல இருக்கிறது. செய்தியின் கீழே உள்ள இணைப்பைத் தொட்டால் ஒரு போலிப் பக்கம் திறக்கும். பாங்கி கார்டின் நம்பரைக் கேட்கும். கொடுத்தால் பணம் போயிற்று.

மூன்று நாட்களில் ஏறக்குறைய 10 லட்சம் செய்திகள் போயின என்று தாய்லாந்து போலீசார் சொன்னார்கள். கருவியின் வீச்சு 3 கிலோ மீட்டர். மணிக்கு ஒரு லட்சம் செய்திக்கு மேல் அனுப்பும். வேனை ஓட்டியவர் பிடிபட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆசாமிக்கு ஒருவருடைய போன் நம்பரும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் செய்திகள் எந்த டெலிபோன் கம்பெனியின் கோபுரம் வழியாகவும் போகவில்லை. அவன் தன் வேனையே ஒரு கோபுரமாக ஆக்கிவிட்டான்!

இதற்குப் பெயர்தான் போலிக் கோபுரம்.

இது பாங்காக்கில் மட்டும் நடந்த கூத்து அல்ல. 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் பாரிஸ் நகரப் போலீசார் ஒரு காரை நிறுத்தினார்கள். காரின் பின்புறம் ஒரு விசித்திரமான பெட்டி இருந்தது. வெடிகுண்டோ என்று முதலில் பயந்தார்கள். பார்த்தால், அது போலிக் கோபுரம். அரசாங்க மருத்துவ இன்சூரன்சின் பெயரால் மோசடிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. லண்டனிலும் இப்படிக் காரின் டிக்கியில் கருவியை வைத்துக்கொண்டு சுற்றிய ஒரு மாணவருக்கு 2025-ம் ஆண்டில் ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

செய்தி அனுப்புவது இந்தக் கருவியின் ஒரு வேலை. அதன் பழைய வேலை வேறு. அது உளவு.

செல்போன் எப்படி ஏமாறுகிறது?

இரவு நேரம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நம் வீட்டு அம்மா என்ன செய்வாள்? "யாரது?" என்று கேட்பாள். குரலைக் கேட்டு, ஆளைத் தெரிந்துகொண்டு, பிறகுதான் தாழ்ப்பாளை எடுப்பாள்.

செல்போனுக்கு அந்தப் புத்தி முதலில் கொடுக்கப்படவில்லை.

செல்போன் சும்மா மேசை மேல் கிடக்கும்போதும் அது சும்மா இருப்பதில்லை. "பக்கத்தில் எந்தக் கோபுரம் இருக்கிறது? எதன் குரல் உரக்கக் கேட்கிறது?" என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பஸ்சில் போனால், ஒரு கோபுரத்தை விட்டு அடுத்த கோபுரத்துக்குத் தாவுகிறது. அதனால்தான் பேச்சு அறுந்து போகாமல் இருக்கிறது.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. உங்கள் போன் நம்பர் அல்ல. இது வேறு. பெரும்பாலும் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்து வருவது கம்பெனி. மிச்சம் உள்ளது நீங்கள். அந்த எண் உலகத்தில் வேறு எவருக்கும் கிடையாது. புதிய கோபுரத்தைச் சேரும்போது அது கேட்டால், செல்போன் இந்த எண்ணைச் சொல்லும்.

2ஜி என்று சொல்கிறோமே, அந்த முறையில் முதல் டெலிபோன் பேச்சு 1991-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பின்லாந்து நாட்டில் நடந்தது. இந்தியாவுக்கு 1995-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார்.

அந்த 2ஜி முறையில், "நான் நல்ல சந்தாதாரன்தான்" என்று போன் கோபுரத்துக்கு நிரூபிக்க வேண்டும். "நான் நல்ல கோபுரம்தான்" என்று கோபுரம் போனுக்கு நிரூபிக்க வேண்டியது இல்லை! பேச்சை ரகசியமாக்கிப் பூட்டி அனுப்புவதா, திறந்தபடி அனுப்புவதா என்பதையும் கோபுரமே முடிவு செய்யும். "பூட்டு வேண்டாம்" என்று கோபுரம் சொன்னால் போன் தலையாட்டும்.

இதைச் செய்த பொறியாளர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தக் காலத்தில் கோபுரம் வைக்கப் பெரும் பணம் வேண்டும். கம்பெனிதான் வைக்க முடியும். திருடன் ஒருவன் கோபுரத்தைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு வருவான் என்று யார் நினைத்தார்கள்?

ஆனால் 1996-லேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு கம்பெனி இந்தக் கருவியைச் செய்து காட்டிவிட்டது. போலீசுக்கும் உளவுத் துறைக்கும் அது போயிற்று. 2010-ம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்வேகாஸ் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், ஒரு பொறியாளர் மேடையிலேயே ஒரு போலிக் கோபுரத்தை நடத்திக் காட்டினார். செலவு சுமார் 1,500 டாலர். கோபுரம் கட்டும் காலம் போய், கோபுரத்தைப் பெட்டியில் எடுத்துப் போகும் காலம் வந்துவிட்டது.

3ஜி வந்தபோது ஓட்டையை அடைத்தார்கள். கோபுரமும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. 4ஜியிலும் அப்படியே. பிறகு என்ன கவலை?

கவலை இருக்கிறது. கோபுரம் தன்னை நிரூபிப்பதற்கு முன்னால் இரண்டொரு வார்த்தை பேச இடம் உண்டு. அந்த நேரத்தில் அது "உன் எண் என்ன?" என்று கேட்கலாம். போன் சொல்லிவிடும். "இங்கே 4ஜி இல்லை. 2ஜிக்கு இறங்கு" என்று சொல்லலாம். போன் இறங்கிவிடும். இறங்கினால் பழைய கதைதான். வாசலில் நல்ல பூட்டு. கொல்லைப்புறக் கதவு திறந்து கிடக்கிறது. 5ஜியில் சிம் எண்ணை மறைத்து அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் 5ஜி போனும் 2ஜிக்கு இறங்கத் தெரிந்த போன்தானே!

ஒரு கைதி கண்டுபிடித்தார்

இந்தக் கருவி இருப்பது அமெரிக்க ஜனங்களுக்கு எப்படித் தெரிந்தது? சர்க்கார் சொல்லித் தெரியவில்லை. சிறையில் இருந்த ஒரு கைதியால் தெரிந்தது.

அவர் பெயர் டேனியல் ரிக்மெய்டன். யோக்கியர் அல்ல. இறந்து போனவர்களின் பெயரால் வருமான வரிக் கணக்குக் கொடுத்து, "திருப்பித் தர வேண்டிய வரி" என்று பணம் வாங்கியவர். பொய்ப் பெயரில் வாழ்ந்தார். பொய்ப் பெயரில் வாடகைக்கு இருந்தார். 2008-ம் ஆண்டு கலிபோர்னியாவில் பிடிபட்டார்.

அவருக்கு ஒரு சந்தேகம். "நான் எந்தத் தடயமும் வைக்கவில்லையே. என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" அவரிடம் இருந்த ஒரே பொருள், கம்ப்யூட்டரை இன்டர்நெட்டுடன் இணைக்கும் கார்டு. செல்போன் போலக் கோபுரத்துடன் பேசும் கார்டு அது.

போலீசார் வாய் திறக்கவில்லை. ரிக்மெய்டன் வக்கீலை விலக்கிவிட்டுத் தாமே வழக்கை நடத்தினார். சிறையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்தார். ஒரு குறிப்பில் ஒரு சொல் கிடைத்தது. "ஸ்டிங்ரே."

ஸ்டிங்ரே என்றால் திருக்கை மீன். வாலில் முள் உள்ள மீன். மணலுக்கு அடியில் பதுங்கி இருக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த போலிக் கோபுரத்துக்கு அந்தப் பெயர். பொருத்தமான பெயர்தான்!

அந்தக் கருவியை வைத்துக்கொண்டு போலீசார் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார்கள். அக்கம் பக்கத்தில் இருந்த குற்றமற்றவர்களின் போன்களும் அதில் அகப்பட்டன. கோர்ட்டில் சர்க்கார் தரப்பே இதை ஒப்புக்கொண்டது. "எனக்கு எதிரான சாட்சியத்தைத் தள்ளுங்கள்" என்று ரிக்மெய்டன் கேட்டார். 2013-ல் நீதிபதி மறுத்துவிட்டார். 2014-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு வெளியே வந்தார்.

ஆனால் ரகசியம் அவருக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. வக்கீல்கள் கேட்கத் தொடங்கினர். பால்டிமோர் நகரில் 2015-ம் ஆண்டு ஒரு போலீஸ் அதிகாரி கோர்ட்டில் சாட்சி சொன்னார். அந்த ஒரு நகரப் போலீஸ் மட்டும் 2007 முதல் 4,300 தடவை இந்த மாதிரிக் கருவியைப் பயன்படுத்தியதாம்! வெளியே சொல்லக்கூடாது என்று மத்தியப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ.யுடன் ஒப்பந்தம். கோர்ட்டில் கருவியைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், வழக்கையே கைவிட்டாலும் விடலாம், சொல்லக்கூடாது என்ற அளவுக்கு ஒப்பந்தம்.

திருடனைப் பிடிக்கப் போலீசுக்குக் கருவி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். குழந்தையைக் கடத்தியவனைத் தேட இது உதவினால் யார் குறை சொல்வார்கள்? ஆனால் நீதிபதிக்கே தெரியாமல் பயன்படுத்தினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. 2015 செப்டம்பரில் அமெரிக்க நீதித் துறை, தன் கீழ் உள்ள அதிகாரிகள் இதற்குப் பொதுவாக நீதிபதியின் வாரண்ட் வாங்க வேண்டும் என்று விதி போட்டது. 2016-ல் மேரிலாந்து மாநில அப்பீல் கோர்ட்டும் வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சாட்சி இல்லாத ஒட்டுக்கேட்பு

டெலிபோனை ஒட்டுக்கேட்பது புதிது அல்ல. டெலிபோன் வந்த நாளில் இருந்தே உண்டு. நம் நாட்டிலும் அதற்குச் சட்டம் உண்டு. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, டெலிபோனில் பேசுவது ஒருவரின் அந்தரங்கம் என்று சொல்லிச் சில நிபந்தனைகளை விதித்தது. உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அதை ஒரு கமிட்டி பரிசீலிக்க வேண்டும். அமெரிக்காவில் போல் நீதிபதியின் வாரண்ட் இங்கே கேட்கப்படுவதில்லை. அது ஒரு குறைதான் என்பது நமது கருத்து. ஆனாலும் ஒரு காகிதமாவது இருக்கிறது.

வழக்கமான முறையில், அதிகாரி அந்த உத்தரவைக் கம்பெனிக்கு அனுப்புகிறார். கம்பெனி ஒட்டுக்கேட்க வழி செய்கிறது. ஆக, கம்பெனிக்குத் தெரியும். காகிதம் இருக்கும். பின்னால் கோர்ட்டு கேட்டால் காட்ட ஏதோ ஒன்று இருக்கும்.

போலிக் கோபுரத்தில் கம்பெனியே நடுவில் இல்லை. கருவி காரில் வருகிறது. கேட்கிறது. போய்விடுகிறது. வைத்தவன் நல்ல போலீஸா, கெட்ட போலீஸா, அயல்நாட்டு ஒற்றனா, பாங்காக் வேன் ஆசாமி போன்ற மோசக்காரனா? யாருக்கும் தெரியாது. சாட்சி சொல்ல ஆள் இல்லை.

ஒரே ஒரு சாட்சி உண்டு. அது உங்கள் போன்.

போனுக்கு எல்லாம் தெரியும். தன்னை 2ஜிக்கு இறக்கியது தெரியும். பூட்டு எடுக்கப்பட்டது தெரியும். எண்ணைக் கேட்டது தெரியும். ஆனால் எஜமானிடம் சொல்வதில்லை! பூட்டு இல்லாமல் பேச்சுப் போனால், போனின் முகப்பில் காட்ட வேண்டும் என்று 2ஜி விதிகளிலேயே எழுதியிருந்தது. கூடவே இன்னொரு விதியும் எழுதினார்கள். கம்பெனி விரும்பினால், சிம்மில் ஒரு குறியை வைத்து அந்த எச்சரிக்கையை அணைத்துவிடலாம். ஒரு கையால் மணியைக் கட்டி, மறு கையால் நாக்கை அறுத்த கதை.

தேடிப் புறப்பட்டவர்கள்

போன் சொல்லாததை மனிதர்கள் தேடிப் புறப்பட்டார்கள்.

2014 டிசம்பரில் நார்வே நாட்டின் "ஆப்தன்போஸ்தன்" பத்திரிகை ஒரு பெரிய செய்தி வெளியிட்டது. அதன் நிருபர்கள் ஒரு விசேஷ செல்போனை எடுத்துக்கொண்டு ஆஸ்லோ நகரத் தெருக்களில் நடந்தார்கள். பாராளுமன்றத்தின் அருகே, பிரதம மந்திரியின் அலுவலகத்தின் அருகே போலிக் கோபுரங்கள் இருப்பதாக எழுதினார்கள். நாடே பரபரப்பு அடைந்தது. பிறகு அந்நாட்டின் பாதுகாப்புப் போலீசார் விசாரித்தார்கள். போலிக் கோபுரம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, சாதாரணக் கோபுரங்களின் நடவடிக்கையே அப்படித் தெரிந்திருக்கிறது என்று 2015-ல் அறிவித்தார்கள்.

ஏன் இதைச் சொல்கிறோம்? கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம் என்பதற்காக. நல்ல கோபுரமும் சில சமயம் கிறுக்குத்தனம் செய்யும். பழுது பார்க்கும்போது மாறும். திருவிழாக் கூட்டத்துக்காகத் தற்காலிகக் கோபுரம் வைப்பார்கள். சிக்னல் திடீரென்று குறைந்தால் உடனே உளவு என்று அலற வேண்டியது இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வேறு வழி கண்டார்கள். "ஒரு நாள் பார்த்தால் போதாது. ஒரு நகரத்தின் எல்லாக் கோபுரங்களையும் பல நாள் பார்க்க வேண்டும். எது வழக்கம் என்று தெரிந்தால்தான் எது விசித்திரம் என்று தெரியும்" என்று நினைத்தார்கள். வாடகைக்கு ஓடும் கார்களின் டிக்கியில் ஒரு சிறு பெட்டியை வைத்தார்கள். சியாட்டில், மில்வாக்கி என்ற இரண்டு நகரங்களில் 15 கார்கள். இரண்டு மாதம். டிரைவர்கள் சவாரி ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார்கள். பெட்டி தன் பாட்டுக்குக் கோபுரங்களைக் குறித்துக்கொண்டே வந்தது.

2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சியாட்டில் பக்கத்தில் குடியேற்றத் துறையின் அலுவலகம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் குடியுரிமை கேட்டு வரும் இடம். அந்த அலுவலகத்தின் அருகே ஒரு கோபுரம், இரண்டு மாதத்தில் ஆறு வேறு வேறு அலைவரிசையில் பேசியிருந்தது. நூற்றுக்கு 96 கோபுரங்கள் ஒரே அலைவரிசையில்தான் பேசும். விமான நிலையத்திலும் ஒரு விசித்திரம். "இது போலிக் கோபுரம்தான் என்று சத்தியம் செய்ய எங்களால் முடியாது. ஆனால் இப்படித்தான் இருக்கும்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது.

2018-ல் அமெரிக்க சர்க்காரே ஒன்றை ஒப்புக்கொண்டது. தலைநகரமான வாஷிங்டனில், போலிக் கோபுரம் போன்ற நடமாட்டத்தைக் கண்டதாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, செனட்டர் ரான் வைடனுக்குக் கடிதம் எழுதியது. வைத்தது யார் என்று அது சொல்லவில்லை. உலகத்தையே உளவு பார்க்கும் நாட்டின் தலைநகரத்தில் இந்த நிலை!

அதே வைடன் இன்னொரு விஷயத்தையும் வெளியே கொண்டுவந்தார். இந்தக் கருவி வேலை செய்யும்போது, அது குறிவைத்த போனில் பேச முடியாமல் போகும். அவசரத்துக்குப் போலீசையோ ஆம்புலன்சையோ கூப்பிட்டால்? அந்த அழைப்பை விட்டுவிட ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று ஹாரிஸ் கம்பெனி சொன்னது. ஆனால் வேறு எவரும் அதைத் தனியாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. காது கேளாதவர்கள் எழுத்தில் அனுப்பும் அவசர அழைப்புப் போகுமா என்று அதற்கே உறுதி சொல்ல முடியவில்லை. மாரடைப்பு வந்தவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் போலீஸ் வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 டாலர் பெட்டி

2025 மார்ச்சில் ஒரு நல்ல செய்தி வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் "எலக்ட்ரானிக் பிரண்டியர் பவுண்டேஷன்" என்று ஒரு சங்கம் இருக்கிறது. ஜனங்களின் உரிமைக்காக வாதாடும் சங்கம். அதன் பொறியாளர்கள் "ரேஹண்டர்" என்று ஒன்றைச் செய்தார்கள். திருக்கை வேட்டைக்காரன் என்று பொருள் கொள்ளலாம்.

கடையில் விற்கும் சிறிய இன்டர்நெட் பெட்டி ஒன்று. உள்ளங்கை அளவு. சட்டைப் பையில் போடலாம். விலை சுமார் 20 டாலர். அதில் இவர்கள் இலவசமாகக் கொடுக்கும் புரோகிராமை ஏற்றிவிட்டால் போதும். பெட்டியின் முகப்பில் ஒரு பச்சைக் கோடு தெரியும். கோபுரம் சந்தேகமாக நடந்தால், அதாவது காரணம் இன்றி எண்ணைக் கேட்டால், 2ஜிக்கு இறங்கச் சொன்னால், பூட்டை எடுக்கச் சொன்னால், பச்சைக் கோடு சிவப்பாக மாறும். அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பச்சையையும் சிவப்பையும் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. 2014-ல் பெர்லினில் இருந்து ஒரு செயலி வந்தது. ஆனால் போனின் உள்பூட்டை உடைத்தால்தான் அது வேலை செய்யும். குடும்பத்துக்கு ஆகிற காரியமா அது?

ஊர்வலத்துக்குப் போகிறவர்கள், பத்திரிகை நிருபர்கள் அந்தப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஊர்வலத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எண்ணி எடுக்க இந்தக் கருவியை விட எளிய வழி இல்லை. நடந்து வருகிற ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதானே நடக்கிறார்கள்!

வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதில் "செட்டிங்ஸ்" பகுதிக்குப் போங்கள். சிம் பற்றிய பக்கத்தில் 2ஜி என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் இருக்கிறது. அதில் 2ஜியை நிறுத்திவிட்டால் போன் 2ஜிக்கு இறங்காது. கொல்லைக் கதவு சாத்தியாயிற்று. அவசர உதவிக்கு மட்டும் 2ஜி வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று: உங்கள் ஊரில் 2ஜி சிக்னல் மட்டும்தான் உண்டு என்றால் நிறுத்தாதீர்கள், போன் ஊமையாகிவிடும். ஐபோனில் "லாக்டவுன் மோடு" என்று ஒன்று உண்டு. 2023-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அது 2ஜியையும் நிறுத்துகிறது. வேறு பல வசதிகளையும் குறைத்துவிடும்.

இந்தக் கட்டுரைக்காக நமது போனைத் திறந்து பார்த்தோம். 2ஜி திறந்தே கிடந்தது. இத்தனை படித்து என்ன? சாத்தியது அன்றைக்குத்தான்.

வாட்ஸ்அப் போன்றவற்றில் பேசும் பேச்சுக்குத் தனிப் பூட்டு இருக்கிறது. போலிக் கோபுரம் அதைத் திறக்க முடியாது. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதை அது தெரிந்துகொள்ளும். சாதாரணப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் 2ஜியில் அகப்பட்டால் கேட்கலாம், படிக்கலாம். பாங்கி அனுப்பும் ரகசிய எண் வருவது எஸ்.எம்.எஸ்.சில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கம்பெனியின் பெயரில் வந்தாலும், பாங்கியின் பெயரில் வந்தாலும், செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். மேலே தெரிகிற பெயரை போலிக் கோபுரம் எப்படி வேண்டுமானாலும் எழுதும். ஏமாந்து பணம் போய்விட்டால் நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். வெட்கம் அதை நிறுத்தாது.

யார் பொறுப்பு?

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைக் கேட்கிறோம். இது குடும்பஸ்தன் செய்கிற வேலையா? ரொட்டியில் கலப்படம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, வீட்டுக்கு ஒரு பரிசோதனைச் சாலை வைத்துக்கொள்ளச் சொல்கிறோமா?

போனைச் செய்கிறவர்கள் செய்ய வேண்டும். 2ஜி சுவிட்ச் மூடியபடியே கடைக்கு வரட்டும். வேண்டியவர் திறந்துகொள்ளட்டும். 2025-ல் வந்த ஆண்ட்ராய்டு 16-ல், பூட்டு இல்லாத கோபுரம், எண்ணைக் கேட்கும் கோபுரம் ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கும் வசதியை வைத்தார்கள். ஆனால் அதற்குத் தகுந்த சிப்பு உள்ள புதிய போன்களில் மட்டும்தான் அது வேலை செய்யும். காசு உள்ளவனுக்கு மட்டும் காவல்காரனா?

சர்க்கார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் நாட்டில் 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, அனுமதி இன்றி ஒட்டுக்கேட்பவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. கடுமையான சட்டம்தான். ஆனால் காருக்குள் ஒளிந்துகொண்டு வந்து போகிற குற்றவாளியைக் கண்டால்தானே பிடிப்பது? சியாட்டிலில் ஒரு கல்லூரியார் 15 கார்களை வைத்துச் செய்ததை, டெலிபோன் கம்பெனிகள் ஒவ்வொரு பெரிய நகரத்திலும் செய்ய முடியாதா? அவற்றுக்குத் தங்கள் கோபுரம் எது என்று தெரியும். பட்டியலில் இல்லாத குரல் கேட்டால் அது யாருடையது என்று விசாரிக்கலாம். கம்பெனிகளுக்கு அந்தக் கடமையை விதியாகவே போட வேண்டும். சர்க்கார் துறைகள் தாங்களே இத்தகைய கருவியை எடுத்தால், எத்தனை தடவை எடுத்தோம், யார் உத்தரவின் பேரில் எடுத்தோம் என்ற கணக்கை ஆண்டுக்கு ஒரு முறை பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். பெயர்கள் வேண்டாம். எண்ணிக்கை போதும். பால்டிமோர் ஜனங்கள் 4,300 என்ற எண்ணைத் தெரிந்துகொள்ள எட்டு ஆண்டு ஆயிற்று.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 2ஜி மட்டுமே தெரிந்த பொத்தான் போன் வைத்திருப்பவர்கள். வயல் வேலைக்குப் போகிறவர், கட்டட வேலைக்காரர், காவலாளி, கிராமத்தில் தனியாக இருக்கும் பாட்டி. மகன் பணம் அனுப்பினான் என்று பாங்கிச் செய்தி வருவது அந்தப் போனில்தான். பென்ஷன் வந்தது என்று தெரிவதும் அந்தப் போனில்தான். அதில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் 2ஜியை நிறுத்தச் சொன்னால், பாட்டி எதை நிறுத்துவாள்? அந்தப் போனில் அந்தச் சுவிட்சே கிடையாது.